டேப் சார்

சென்னையில் ஃபிளாட் வாங்கியவர்களுக்குச் சாவி கைக்கு வந்த மறுநாளே ஒருவரின் தரிசனம் கிடைக்கும். எதிர் வீட்டிலோ மேல் மாடியிலோ குடியிருப்பவர். பொதுப்பணித் துறையிலோ வங்கியிலோ இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு பெல்ட்டில் ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப் மாட்டியிருப்பார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி ஆரம்பித்துவிடும்.

“கிச்சன் எவ்வளவு? எட்டுக்கு ஏழா?”

எட்டுக்கு ஏழுதான். அறுநூற்றைம்பது சதுர அடி வீட்டில் வேறென்ன கிடைக்கும்? எங்கள் குடியிருப்பில் இவருக்கு டேப் சார் என்று பெயர். உங்கள் குடியிருப்பில் வேறு பெயராக இருக்கலாம். ஆள் இவர்தான்.

டேப் சாருக்குச் சமைக்கத் தெரியாது. அதைச் சொல்லிக் காட்டினால் கோபம் வராது, ஃபிராங்க்ஃபர்ட் வரும். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர், 1926-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு குட்டிச் சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் வண்டியில் சமையல் பெட்டி எப்படி இயங்குகிறது, ஒரு பெண் அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே எத்தனை அடி நடக்கிறாள் என்றெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்தது. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். இன்றைய மாடுலர் கிச்சனுக்கெல்லாம் அதுதான் பாட்டி. அதைச் செய்யும்வரை தான் சமைத்ததே இல்லை என்று அந்த அம்மையார் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். கதையின் மற்ற பகுதிகளை விட்டாலும் விடுவாரே தவிர, இந்த ஒரு வரியை சார் ஒருபோதும் விட்டதில்லை.

அடுத்தது முக்கோணம். அடுப்பு, தொட்டி, ஃபிரிட்ஜ் மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் நான்கு அடிக்குக் குறையக் கூடாது, ஒன்பது அடியைத் தாண்டக் கூடாது, மூன்றையும் கூட்டினால் பதிமூன்றுக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் வர வேண்டும். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் 1940-களில் பரப்பிய விதி இது. பிரிண்டர் தாளின் பின்பக்கம் சார் இதை வரைவார். எட்டுக்கு ஏழில் அடுப்பும் தொட்டியும் அடங்கும். ஃபிரிட்ஜ் அடங்காது. அது ஹாலுக்குப் போகும். ஆகவே முக்கோணத்தின் மூன்றாவது முனை டிவிக்குப் பக்கத்தில் விழும். ஒரு கோடு சாப்பாட்டு மேஜையைத் தாண்டும். இன்னொன்று தாத்தாவின் சாய்வு நாற்காலி வழியாகப் போகும்.

“தாத்தாவைக் கொஞ்சம் நகர்த்திக்கலாம்” என்பார் சார், பென்சிலை நக்கியபடி.

இந்த நேரத்தில்தான் வீட்டுப் பெரியம்மா குறுக்கிடுவார். “தம்பி, அடுப்பு அக்கினி மூலையில இருக்கணும். கிழக்கப் பாத்து சமைக்கணும்.” சார் விஞ்ஞானவாதி. வாஸ்துவில் நம்பிக்கை இல்லாதவர். பெரியம்மாவைப் பார்த்து ஒரு கருணைப் புன்னகை பூத்துவிட்டு, காற்றோட்டம், குழாய் வாட்டம், வெளிச்சம் எல்லாவற்றையும் ஆராய்ந்து அடுப்பைக் கொண்டுபோய்த் தென்கிழக்கில்தான் வைப்பார். பில்டர் அங்கேதான் சிலிண்டர் குழாய்க்கு ஓட்டை போட்டிருக்கிறார்.

மேடை விஷயத்தில் மட்டும் அவரை மட்டம் தட்ட முடியாது. கடைக்காரர்கள் எல்லா வீட்டுக்கும் முப்பத்து நான்கு அங்குலம் என்று ஒரே உயரத்தில் கல்லைப் போட்டுவிடுவார்கள். அதன் மேல் அடுப்பு, அதன் மேல் குக்கர். ஐந்தடி உயரமுள்ள பெண் உள்ளே குழம்பு கொதிப்பதை எட்டிப் பார்க்க நுனிக்காலில் நிற்க வேண்டியிருக்கும். “முழங்கையை மடக்கிக் காட்டும்மா” என்று சொல்லி, முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே காய் நறுக்கும் இடம், அடுப்பு வரும் இடம் இன்னும் தாழ்வு என்று சார் பிரிப்பார். சிலிண்டர் அலமாரிக் கதவில் தரையை ஒட்டிக் காற்றுத் துளை வேண்டும் என்றும் சண்டை போடுவார். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் கீழேதான் தங்கும். இந்த இரண்டுக்காக மட்டுமே அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

சால்வையை உடனே திரும்ப வாங்க வேண்டிய இடம் பிளைவுட் கடை. 710 கிரேடுதானா என்று அவருக்குச் சந்தேகம். கொதிக்கும் தண்ணீரில் போட்டாலும் உரியாது என்பதுதான் அந்த கிரேடின் பெருமை. கடைக்காரர் முத்திரையைக் காட்டினார். கம்பெனி சான்றிதழைக் காட்டினார். சார் ஒரு துண்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் குக்கரில் வைத்து விசில் விட்டார். அவர் வாழ்நாளில் அடுப்பேற்றி வேகவைத்த ஒரே பண்டம் அதுதான். துண்டு உரியவில்லை. சாம்பாரில்தான் ஒரு வாரம் பசை வாசம் அடித்ததாகக் கேள்வி.

பிறகு சாமான்களுக்கு இடம் ஒதுக்கும் படலம். எண்ணெய்க்கு பாட்டில் புல்-அவுட், மூலைக்கு மேஜிக் கார்னர், தட்டுக்கு டேண்டம் டிராயர், மளிகைக்கு டால் யூனிட். ஃபிராங்க்ஃபர்ட்டில் அரிசி போன்ற சாமான்களுக்கு அலுமினியச் சிற்றறைகள் வைத்து, பெயர் பொறித்து, மூக்கு வைத்து ஊற்றுகிற மாதிரி செய்திருந்தார்களாம். அதையே இங்கும் செய்யச் சொன்னார். ஊரிலிருந்து இருபத்தைந்து கிலோ மூட்டை வருகிற வீட்டில், ‘அரிசி’ என்று எழுதிய அறைக்குள் ஒன்றரைக் கிலோ பிடித்தது. மிச்சம் கட்டிலுக்கடியில்.

கிரைண்டரைக் கண்டால் சாருக்கு ஆகாது. அது எந்த அலமாரிக்கும் பொருந்தாத வடிவம். ஸ்பிரிங் வைத்த பலகையில் ஏற்றிக் கதவுக்குள் ஒளித்து, இழுத்தால் மேலே வரும்படி ஒரு முறை செய்து காட்டினார். இழுத்தால் வந்தது. மாவாட்டியபோது பலகை ஆடியது, அலமாரி ஆடியது, மேல் தட்டில் இருந்த டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. இப்போது கிரைண்டர் பால்கனியில் சுதந்திரமாக இருக்கிறது.

ஆணியைக் கண்டால் கோபமே வரும். “லட்ச ரூபா கிச்சன்ல எவனாவது ஆணி அடிப்பானா?” ஆனால் தமிழ்க் குடும்பத்துச் சமையலறை ஓர் ஆணி இல்லாமல் ஓடாது. கவர்களைப் போட்டு வைக்கும் கவர் வேறெங்கே தொங்கும்? லாஃப்டில் சீர்வரிசை அண்டாவும், கொலு பொம்மைப் பெட்டியும், வாரண்டி முடிந்த மிக்ஸியின் காலி அட்டைப்பெட்டியும் நெருக்கியடிக்கும். கிரகப்பிரவேசம் முடிந்து மூன்று மாதம் கழித்து எந்த வீட்டுக்குப் போனாலும் இதே காட்சி. கதவுக்குப் பின்னால் ஆணி வந்திருக்கும். அஞ்சறைப்பெட்டி டிராயரை விட்டு அடுப்போரத்துக்குக் குடிபெயர்ந்திருக்கும். மேஜிக் கார்னரில் என்ன இருக்கிறது என்பதை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

சார் வீட்டுச் சமையலறையை இரண்டு முறை இடித்துக் கட்டியாயிற்று. வருகிறவர்களை அங்கேதான் முதலில் அழைத்துப் போவார். டிராயரைத் தள்ளிவிட்டு, அது சத்தமில்லாமல் தானே மூடிக்கொள்வதை நாம் பார்த்து முடிக்கும்வரை பேச மாட்டார். சிம்னி பளபளக்கும். கிரானைட்டில் முகம் தெரியும். கறிவேப்பிலைக் காம்பு ஒன்றுகூடக் கிடக்காது.

தாளிக்கும் வாசனை மட்டும் வேறு பக்கத்திலிருந்து வரும்.

பின்னாலிருக்கும் யூட்டிலிட்டியில், வாஷிங் மெஷினுக்கும் கிரில்லுக்கும் நடுவே, ஐந்துக்கு மூன்றரை இடத்தில், பழைய இரட்டை அடுப்பை வைத்து சாரின் வீட்டம்மா சமைத்துக்கொண்டிருப்பார். தலைக்கு மேல் இரண்டு கடப்பைக் கல், பக்கத்தில் பழைய எவர்சில்வர் ஸ்டாண்டு. திரும்பாமலே கையை நீட்டினால் பெருங்காயம், இந்தப் பக்கம் நீட்டினால் புளி. “அந்த ரூம்ல எண்ணெய் தெறிச்சா இவர் துணியைத் தூக்கிட்டு ஓடி வருவாருங்க. நமக்கு எதுக்கு வம்பு?” ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறார் என்று ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து யாராவது வந்து அளந்தால் வெட்கப்பட்டுத் திரும்பிப் போவார்கள்.

போன மாதம் நான் போனபோது சார் அங்கேயும் டேப்பை இழுத்துக்கொண்டிருந்தார். சுவரில் பென்சில் குறி. “இங்க ஒரு புல்-அவுட் போட்டா...”

அந்த அம்மா பதில் சொல்லவில்லை. அரைமூடித் தேங்காயையும் துருவு மணையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். சார் சுற்றுமுற்றும் பார்த்தார். யூட்டிலிட்டியில் மணையைப் போட இடமில்லை. சமையலறைக்குள் போனார். அங்கே டால் யூனிட் கதவு திறக்க விட்டிருந்த இடைவெளியில் சம்மணம் போட முடியாது.

“எங்கேடி உட்கார்ந்து துருவுறது?”

“பிளான் போட்டவரைக் கேளுங்க” என்றார் அந்த அம்மா, கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு மேலாக.