ஓடைத் தூண்டில் நிர்ணயம்

நூலொன்று இயற்றப் புகுவோன் விஷயம், பிரயோஜனம், சம்பந்தம், அதிகாரி என்னும் நான்கையும் முதற்கண் சொல்லிவிடவேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த மரபு. அம்மரபு வழுவாமல் கூறுமிடத்து, இவ்வாராய்ச்சியின் விஷயமாவது, குளிர்ந்த ஓடைகளிலும் ஆறுகளிலும் வாழும் ட்ரௌட் என்னும் மீனை ஸ்பின்னிங் முறையில் பிடிக்க ஆசை கொண்ட ஒருவன் முதன்முதலாக வாங்கவேண்டிய கோல், ரீல், நரம்பு, பொய்யிரை ஆகியவற்றின் இலக்கணம்; பிரயோஜனம், அவனுடைய கைப்பொருள் முழுவதும் ஓடையைக் காணுமுன்பே கடையில் கரைந்துபோகாமல் காத்தல்; சம்பந்தம், கருவியின் விலைக்கும் மீனின் வருகைக்கும் இடையே உள்ளதாகப் பலரும் நம்புகிற, ஆனால் எவரும் நிரூபித்துக் காட்டாத, ஒரு தொடர்பு. அதிகாரியைப் பற்றிச் சற்று விரித்தே சொல்லவேண்டும். சமம், தமம் முதலிய சாதனங்கள் கைகூடிய முமுட்சுவே வேதாந்த விசாரணைக்கு அதிகாரி என்பர் பெரியோர். இந்நூலுக்கோ, முழங்காலளவு குளிர்நீரில் அரைநாள் நின்று, ஒன்றும் அகப்படாமல் வீடு திரும்பி, வீட்டார் கேட்கும் கேள்விக்கு முகம் மாறாமல் விடை சொல்லி, மறுநாளும் புறப்படுகிறவன் எவனோ அவனே அதிகாரி. ஏனையோர் மீன் அங்காடிக்குச் செல்வதே உத்தமம்.

ட்ரௌட் என்பது ஒரே மீனன்று. பழுப்பு ட்ரௌட் ஐரோப்பாவுக்குரியது. வானவில் ட்ரௌட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையோர நதிகளில் பிறந்தது. அக்கண்டத்தின் கிழக்குப் பகுதியிலுள்ள புரூக் ட்ரௌட்டோ, பெயரளவில் ட்ரௌட் ஆயினும் குலத்தால் சார் என்னும் வேறு இனத்தைச் சேர்ந்தது. மூன்றுக்கும் பொதுவான குணம் வெப்பத்தைச் சகியாமை. பத்து முதல் பதினாறு டிகிரி செல்சியஸ் வரை உற்சாகமாக இருக்கும் இந்த ஜீவன், இருபதைத் தாண்டினால் சோர்ந்து உணவையும் வெறுத்துவிடும். இத்தகைய சுகவாசியை ஆங்கிலேயர் தாம் போன இடமெல்லாம் கொண்டுசென்றார்கள். நீலகிரியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் பிரான்சிஸ் டே முயன்று தோற்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வெற்றிபெற்று அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணையும் கண்டார் என்பது நம்மவர் அறியத்தக்க செய்தி.

இனி வாதத்துக்கு வருவோம். கருவி வாங்குவதில் எதை முதலில் தேர்வது என்பதே மூலப்பிரச்சினை. பூர்வபட்சிகளான கடைக்காரர்கள் ரீலிலிருந்து தொடங்குவர். அது பளபளக்கிறது, சுற்றினால் இனிய ஒலி தருகிறது, உள்ளே பத்து பேரிங்குகள் உள்ளனவென்று பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறது. ஆறு பேரிங்குகள் உள்ள ரீலைவிடப் பத்து உள்ளது சிறந்தது என்பது கணிதம் அறிந்த எவனுக்கும் விளங்குவதால், வாங்குகிறவன் மறுமொழியின்றிப் பணத்தை எடுக்கிறான். பின்னர் அந்த ரீலுக்கு ஏற்ற கோல்; கோலுக்கு ஏற்றதொரு உறை; அனைத்தும் முடிந்தபின், கையில் மிஞ்சிய சில்லறைக்கு நரம்பும் பொய்யிரையும்.

இது பிரமாண விரோதம் என்று மறுக்கிறோம். மீன் எதைக் கொண்டு நம்மை அறிகிறது என்று முதலில் நோக்கவேண்டும். பிரத்தியட்சத்தால் அது அறிவது பொய்யிரையையும், அதனருகே உள்ள இரண்டடி நரம்பையுமே. உடலின் இருபக்கமும் ஓடும் உணர்கோட்டினால் நீரின் அதிர்வையும் அறியும். ஆகவே கரையில் தடதடவென்று நடக்கிறவனை அனுமானத்தாலும் உணர்ந்துகொள்ளும். ரீலையோ உலகத்தில் எந்த ட்ரௌட்டும் உயிரோடு சுதந்திரமாக இருக்கும்போது கண்டதில்லை. பேரிங்குகளின் எண்ணிக்கையை மனிதன் அறிவதும் சப்தப் பிரமாணம் ஒன்றினாலேயே. அந்தச் சப்தமும் விற்பனையாளருடையது. ஆதலின், மீனின் வாயில் தொடங்கி மனிதனின் கையில் முடியும் வரிசையே சாஸ்திர சம்மதமான வரிசை என்பது சித்தாந்தம்.

ஆகவே முதலில் பொய்யிரை. கம்பி ஒன்றை அச்சாகக் கொண்டு, இலைவடிவத் தகடொன்று அதைச் சுற்றிச் சுழல, பின்னே மும்முனை முள் தொங்கும் ஸ்பின்னரே புதியவனுக்கு ஏற்றது. ஏனெனில் அதற்கு நடிப்புக் கற்பிக்கவேண்டியதில்லை, இழுத்தால் தானே ஆடும். 1938இல் பிரான்சில் ஆந்திரே மெல்னார் தொடங்கிய மெப்ஸ் நிறுவனத்தின் சரித்திரம் இவ்விடத்தில் கூறத்தக்கது. 1951இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஆன்டிகோ என்னும் ஊரில் தூண்டில் கடை வைத்திருந்த டாட் ஷெல்டன் என்பவர், வுல்ஃப் ஆற்றில் ஒன்றும் அகப்படாமல் சலித்திருந்த வேளையில், ஐரோப்பியப் போர்முனையிலிருந்து திரும்பிய ஒருவர் தமக்குக் கொடுத்திருந்த சிறு ஸ்பின்னரைக் கட்டி எறிய, இரண்டு மணி நேரத்தில் மொத்தம் பன்னிரண்டு பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள நான்கு ட்ரௌட்டுகள் வந்தன என்று அந்நிறுவனத்தாரே சொல்லிவருகிறார்கள். அவர் மேலும் வேண்டும் என்று கேட்க, பிரெஞ்சுப் பெண்மணி ஒருத்தி நைலான் காலுறைகளுக்குப் பண்டமாற்றாக ஸ்பின்னர்களை அனுப்பிவந்தாள் என்றும், தேவை பெருகப் பெருக ஒருத்தியின் கால்கள் அத்தனை உறைகளை அணிய இயலாமற் போனதால் வியாபாரம் நேரடியாயிற்று என்றும் கேள்வி. பிற்காலத்தில் முள்ளின்மேல் அணில்வால் மயிரைக் கட்டும் வழக்கம் ஏற்பட்டு, வேடர்களிடம் அணில்வால் வாங்குவதும் அந்நிறுவனத்தின் தொழிலாயிற்று.

அளவில், 0 என்று எண்ணிட்ட இரண்டரைக் கிராமும் 1 என்று எண்ணிட்ட மூன்றரைக் கிராமும் ஓடைக்குப் போதும். நிறத்தில் பொன்னொன்றும் வெள்ளியொன்றும் வாங்கிக்கொண்டு, மற்ற நாற்பது நிறங்களும் மனிதனைப் பிடிக்கச் செய்தவை என்று தெளிந்து வெளியேறுக. மும்முனை முள்ளின் எதிர்முட்களைக் குறட்டால் நசுக்கிவிட்டால், மீனை விடுவதும் எளிது, தன் விரலிலிருந்து எடுப்பதும் எளிது.

இதை எத்திசையில் எறிவது என்பதில் இரு கலைகள் உள்ளன. நீர் வரும் திசையை நோக்கி மேலே எறிகிறவனிடம் நீரோட்டமே ஸ்பின்னரைத் தள்ளிக்கொண்டு வருவதால், அதனினும் விரைவாக அவன் ரீலைச் சுற்றியாகவேண்டும். இல்லையேல் தகடு சுழலாது, ஸ்பின்னர் கல்லிடுக்கில் குடிபுகும். இது தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியின் நெறி, மர்க்கட நியாயம். கீழ்நோக்கி எறிகிறவனோ சும்மா நிற்கலாம். ஓட்டமே தகட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியின் நெறி இது, மார்ஜார நியாயம். ட்ரௌட் நீர் வரும் திசைக்கு முகம் காட்டி நிற்பது. தன் நேர்பின்புறம் மட்டுமே அதன் பார்வைக்கு அப்பாற்பட்டது. ஆகவே கீழிருந்து மேலேறிச் செல்கிறவன் அதன் கண்ணில் படான். மேலிருந்து இறங்குகிறவன் தன் வருகையைக் கலங்கல் நீரால் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறான். சிற்றோடையில் குரங்கும் பேராற்றில் பூனையும் என்பதே நம் தீர்ப்பு. இரண்டையும் ஒரே நாளில் அனுஷ்டிப்பவனை இரு கலையாரும் வெறுப்பர், எனினும் அவனுக்கே மீன் அதிகம்.

அடுத்தது நரம்பு. 1938இல் டூபாண்ட் நிறுவனம் நைலானை உலகுக்கு அறிவித்தது; மேற்கூறிய காலுறையும் நம் நரம்பும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை வாசகர் மறவாதிருப்பாராக. ஓடைக்கு நான்கு பவுண்டு நரம்பு, ஆற்றுக்கு ஆறு. நான்கு பவுண்டு என்றால் ஐந்து பவுண்டு மீன் வந்தால் அறுந்துபோகும் என்று அஞ்சவேண்டாம். எண் குறிப்பது நரம்பு முறியும் பளுவையே, மீனின் எடையையன்று. பின்னல் நரம்பு நீளாதது, நுண்ணுணர்வு மிக்கது, விலையும் மிக்கது. ஆனால் புதியவன் கையில் அது ஒருமுறை சிக்குண்டால் கத்தரி ஒன்றே கதி. நைலானோ சற்று நீண்டுகொடுத்து, அவசரக்காரனின் அசட்டு இழுப்பை மன்னித்துவிடும். ரீலில் நரம்பு சுற்றும் உருளையின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சுற்றுக. அதற்கு மேலென்றால் வளையங்கள் தாமே கழன்று விழும், மிகக் குறைந்தால் எறிந்த பொருள் தூரம் போகாது. ஸ்பின்னர் சுழலச் சுழல நரம்பும் முறுக்கேறும். அதைத் தடுக்க முனையில் சிறு சுழலி ஒன்றை இணைப்பது, அற்ப விலையில் கிடைக்கும் பெரும்புண்ணியம்.

கோலுக்கு வருவோம். கைப்பிடிக்குச் சற்று மேலே எழுதப்பட்டிருக்கும் சாசனத்தைக் கல்வெட்டாராய்ச்சியாளனின் பொறுமையோடு வாசிக்கவேண்டும். எவ்வளவு பளுவுள்ள பொய்யிரையை எறியலாம், எத்தனை பவுண்டு நரம்பு ஏற்கும் என்பனவெல்லாம் அதில் உண்டு. புதியவர்கள் வாசிப்பதோ நிறுவனத்தின் பெயரை மட்டுமே. நாம் முன்னரே இரண்டரைக் கிராம் ஸ்பின்னரையும் நான்கு பவுண்டு நரம்பையும் நிச்சயித்துவிட்டபடியால், சாசனத்தில் அவை அடங்குகின்றனவா என்று பார்த்தாலே தேர்வு முடிந்துவிடும். மீன்முனையிலிருந்து தொடங்கியதன் பலன் இதுவே. ஐந்தரை முதல் ஆறரை அடி நீளம் தக்கது. மரக்கிளை கவிந்த சிற்றோடைக்குக் குறுங்கோலும், அகன்ற ஆற்றுக்கு நெடுங்கோலும் என்பதற்கு மேல் இதில் ரகசியமில்லை. கண்ணாடி இழைக் கோல் மந்தமானது, கரி இழைக் கோல் விறைப்பும் இலேசும் உடையது என்பர். ஆயினும் கோல்களை முறிப்பதில் மீனைவிடக் கார்க்கதவே வல்லது என்பதைக் கருதினால், முதற்கோல் விலை மலிந்ததாக இருப்பதில் பிழையில்லை.

கடைசியாக, பூர்வபட்சிகளின் முதற்பொருளான ரீல். பழைய ரீல்களில் எறியப்பட்ட பொருளின் பளுவே உருளையைச் சுழற்றி நரம்பை வெளியே இழுக்கவேண்டும். இரண்டரைக் கிராமுக்கு அவ்வளவு வலிமை ஏது? இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்துக் கம்பளி ஆலை முதலாளியான ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், ஆலையில் அசையாத கதிரின் நுனி வழியாக நூல் தானே கழன்று வருவதைக் கண்டவர். 1905இல் அவர் காப்புரிமை பெற்ற ரீலில் உருளை சுழலாது, நரம்பு மட்டும் முன்விளிம்பின் வழியே வழுவிச் செல்லும். ஸ்பின்னிங் என்னும் மாளிகை முழுவதும் இந்த ஓர் உபாயத்தின்மேல் எழுந்தது. 1000 அல்லது 2000 என்று அளவிட்ட ரீல் போதும். மர்க்கட நெறியினர் விரைந்து சுற்றவேண்டியவராதலின், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு, நரம்பை உருளையில் சுற்றும் வளைகம்பி ஐந்து சுற்றேனும் சுற்றுவதாக அது இருத்தல் நலம். மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் திருகை, நரம்பின் முறிபளுவில் காற்பங்கில் வழுக்கும்படி வைத்துக்கொண்டால் பெரிய மீனுடனும் சமாதானமாகப் பேசலாம். எறிந்தபின் வளைகம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் விரலால் மூடினால் நரம்பின் முறுக்கு குறையும்.

கைப்பிடி எப்பக்கம் இருக்கவேண்டும் என்னும் வினாவே எஞ்சுகிறது. இடங்கை வலங்கை என்ற பெயரால் சென்னைப்பட்டினத்துத் தெருக்களில் முற்காலத்தில் கலகமே நடந்ததுண்டு. ஓடைக்கரையிலும் அத்தகைய பேதம் உண்டு. கோலை வலக்கையில் பிடித்து இடக்கையால் சுற்றுவதே இயல்பு என்பார் ஒரு சாரார். வலிய கைதான் சுற்றவேண்டும் என்று கோலை நடுவழியில் கைமாற்றுவார் மறுசாரார். 1940களின் இறுதியில் பிரான்சிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய மிட்செல் ரீல் இருவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல், இடப்பக்கம் சுற்றுவோருக்கு 300, வலப்பக்கம் சுற்றுவோருக்கு 301 என்று தனித்தனியே செய்து விற்றது. இன்றைய ரீல்களில் திருகுமூடியைக் கழற்றிக் கைப்பிடியை எப்பக்கமும் மாட்டிக்கொள்ளலாம். மாற்றுவதை வீட்டிலேயே மேசைமேல் வைத்துச் செய்க. அந்த மூடி சிறியது, ஓடையின் அடியில் கிடக்கும் கூழாங்கற்களின் நிறத்தையே பெரும்பாலும் கொண்டது.