டர்பன்லேருந்து வர்ற பேராண்டிக்கு

வாய்யா பேராண்டி. டர்பன்ல ப்ளேன் ஏறி, மெட்ராஸ்ல கார் பிடிச்சு, எங்க வந்தவாசிப் பக்கம் பாட்டன் பொறந்த ஊரைத் தேடி வர்றியாம். ரொம்ப சந்தோஷம். கிளம்புறதுக்கு முன்னாடி இந்தக் கிழவன் சொல்றதைக் கொஞ்சம் காதுல போட்டுக்கோ. நான் காசு கேக்கமாட்டேன். கேக்கறவங்க தனியா வருவாங்க.

எங்க ஊர்ல சொந்தம் கிடைக்கிறது கஷ்டமே இல்லை. கிடைச்ச சொந்தத்தை வேணாம்னு சொல்றதுதான் கஷ்டம். டீக்கடை வாசல்ல இறங்கின கையோட "எங்க கொள்ளுத்தாத்தா பேரு முனுசாமி"ன்னு நீ வாயைத் தொறந்தா தீந்துது. டீ ஆறுறதுக்குள்ள ரெண்டு சித்தப்பன், ஒரு அத்தை, கும்பாபிஷேக ரசீது புக்கோட ஒரு மச்சான் எல்லாம் வந்து நிப்பாங்க. ஒருத்தன் உன் மூக்கைப் பாத்துட்டு, அச்சு அசல் எங்க பெரியப்பா மூக்குன்னு கண்ணைத் துடைச்சுப்பான். அதனால பாட்டன் கப்பலேறின பதிவுக் காயிதத்தை மடிச்சுப் பையில வை. "இங்கேருந்து யாராச்சும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனதா வீட்ல பேசுவாங்களா?" இதை மட்டும் கேட்டுட்டு வாயை மூடிக்கோ. பேரு அவங்க வாயிலேருந்து வரணும். அந்தப் பேரும் உன் காயிதத்துல இருக்கிற அப்பன் பேரும் ஒத்துப்போனா, அன்னிக்கு எல்லார் டீக்கும் நீயே காசு குடு.

அந்தக் காயிதம் விஷயத்துல வெள்ளைக்காரன் கெட்டிக்காரன். 1860 நவம்பர் 16-ஆம் தேதி 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸ்ல ஏறின சனத்தை டர்பன்ல கொண்டுபோய் இறக்குச்சு. அதுலேருந்து 1911 வரைக்கும் டர்பன் இருக்கிற நேட்டாலுக்குப் போனவங்க ஒன்றரை லட்சத்துக்கும் மேல. ஆளுக்கொரு நம்பர் போட்டு, பேரு, அப்பன் பேரு, வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம்னு கட்டம் கட்டி எழுதியிருக்கான். ஒண்ணும் பாசத்துல எழுதலை. அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல கைநாட்டு வெச்ச கூலி தோட்டத்தை விட்டு ஓடினா பிடிக்கணுமே! இருக்கட்டும், உனக்கு உதவுது. நீ மொதல்ல தேட வேண்டியது அந்த நம்பரைத்தான். பேரை வெச்சுத் தேடினா முனுசாமி மூட்டை மூட்டையா வருவான். அடையாளத்தை நம்பியும் கிளம்பிடாதே. இடது முழங்கால்ல தழும்புன்னு எழுதியிருக்கும். ஏர் பிடிச்சவன்ல தழும்பு இல்லாத கால் எவனுக்குய்யா இருந்துது?

ஜில்லா 'வட ஆற்காடு'ன்னு போட்டிருந்தா மேப்புல தேடாதே, கிடைக்காது. 1911-ல சித்தூர் தனியாப் போச்சு, அது இப்ப ஆந்திரா. 1989-ல திருவண்ணாமலை பிரிஞ்சுது. 2019-ல மிச்சமிருந்த வேலூரையும் மூணாக்கிட்டாங்க. தாலுகா என்னன்னு பாக்காம 'புதூர்'னு மட்டும் சொல்லிக் காரை எடுத்தா டிரைவருக்குத்தான் கல்யாணம்.

இன்னொண்ணு. ஊர்ப் பேரே பொய்யா இருக்கலாம். தாது வருஷப் பஞ்சத்துல வயித்துக்கில்லாமப் போனவன் நிஜத்தைச் சொல்லியிருப்பான். கடனுக்குப் பயந்தவன், அண்ணன் மண்டையை உடைச்சவன், கட்டினவளை விட்டுட்டு ராவோட ராவாக் கிளம்பினவன், இவனெல்லாம் சரியான விலாசம் குடுத்துட்டா ஓடுவான்? அப்படி ஒருத்தன் உன் பாட்டனா இருந்தா, அவன் விட்டுட்டுப் போனவளோட கொள்ளுப்பேரன் இங்க ஏதோ ஒரு திண்ணையில உக்காந்திருப்பான். சாக்லேட் டப்பாவை நீட்டிப் பாரு. அவன் முறைச்சான்னா சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேன்னு அர்த்தம்.

சாதிக் கட்டத்தையும் பாத்துட்டு வா. மெட்ராஸ்ல ஏறினப்ப ஒரு சாதி, டர்பன்ல கால் வெச்சப்ப வேற சாதின்னு ஆனவங்க உண்டு. உன் பேருக்குப் பின்னாடி பெரிய பட்டம் தொங்குதேன்னு ஊர்த் திண்ணையிலேயே விசாரிச்சுட்டுத் திரும்பிடாதே. காயிதம் காலனிப் பக்கம் கையைக் காட்டினா அங்க போ. அப்பப் பாக்கணும் உன் மொகத்தை!

தாலுகா ஆபீசுல பட்டா, சிட்டான்னு அலையறது அப்பறம். காணி நிலம் இருந்தவன் ஏன்யா கப்பலேறப் போறான்? பொறப்புச் சான்றிதழ் கேட்டா அங்க இருக்கிற பொண்ணு சிரிக்கும். கணக்குப்பிள்ளை கிட்டக் கேக்கலாம்னா, அந்த வேலையையே 1980-ல எம்.ஜி.ஆர். எடுத்துட்டார். மல்லாட்டை உரிக்கிற கிழவி பக்கத்துல போய்க் குந்து. நீயும் நாலு உரி. நகம் வலிக்கும், வலிக்கட்டும். "உங்களுக்கு எந்த சாமி? மொட்டை எங்க அடிப்பீங்க?"ன்னு கேளு. தாத்தனுக்குத் தாத்தன் பேரு மறந்துபோன குடும்பமும் மொட்டை அடிக்கிற கோயிலை மறக்காது. உங்க வீட்லயும் பாட்டி எந்த சாமிக்குப் படையல் போட்டான்னு கேட்டுக்கிட்டு வா. மாரியம்மன்னு சொன்னா பிரயோஜனம் இல்லை, அவ ஊருக்கு ஊர் இருக்கா. வாழ்முனி, செம்முனின்னு ஏதாச்சும் வந்துதுன்னா, கிழவி கை உரிக்கிறதை நிறுத்திட்டு உன்னை ஏற எறங்கப் பாப்பா. அங்கேருந்து பிடிச்சுக்கோ.

எச்சிலைக் குழாயில துப்பி அனுப்பினேன், டி.என்.ஏ.வுல சொந்தம் கிடைச்சுடுச்சும்பே. அத்தை மகளையும் அக்கா மகளையும் தலைமுறை தலைமுறையாக் கட்டிக்கிட்ட சனம்யா நாங்க. ஆறு தலைமுறைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனும் உனக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரிக் காட்டும். சோதனை பொய் சொல்லலை. எங்க தாத்தனுங்க பண்ணி வெச்ச சிக்கல் அதுக்கு எப்படித் தெரியும்?

எல்லாம் கூடிவந்து ஒரு வீடு நம்ம வீடுன்னு தெரிஞ்சுபோச்சுன்னு வை. கட்டிப் பிடிக்கிறதுக்கு முன்னாடி முறை என்னன்னு கேட்டுக்கோ. பங்காளின்னா செத்தவங்க ஒவ்வொருத்தருக்கும் தீட்டு காத்திருக்கணும், பாட்டன் போன நாள்லேருந்து பாக்கி எவ்வளவுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. மாமன் மச்சான்னா, பரண் மேல இருக்கிற பழைய மொய் நோட்டைக் கேளு. பேரும் ஊரும் தொகையும் வரிசையா இருக்கும், யாருக்கு யார் உறவுன்னு பாதி அதுலயே புரிஞ்சுபோயிடும். ஆனா உஷாரு. நோட்டைத் தூசி தட்டி எடுத்துட்டு வர்றவன், அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம்னு பேனாவையும் கையோட எடுத்துட்டு வருவான்.