சரளைப் பாதையும் சாத்திய கடையும்

பிரான்சின் மொர்வான் பகுதியில் சைக்கிள் ஓட்ட முதலில் தேவை தொடையில் பலமோ விலையுயர்ந்த வண்டியோ அல்ல. இன்று என்ன கிழமை என்கிற தெளிவு. திங்கட்கிழமை என்று தெரிந்தால் வீட்டிலேயே படுத்துவிடலாம்.

மொர்வான் என்பது பாரிஸுக்குத் தென்கிழக்கே, பூர்கோஞ் பகுதியின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் கருங்கல் மேடு. அதன் உச்சியான ஓ-ஃபோலேன் வெறும் 901 மீட்டர். ஆல்ப்ஸில் சைக்கிள் மிதித்தவர்கள் இதை மலைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆனால் ஆல்ப்ஸில் ஒரு நாணயம் உண்டு. மூச்சுமுட்ட ஒரு ஏற்றம் ஏறினால் கூலியாக நீண்ட இறக்கம் கிடைக்கும். மொர்வானில் ஏறுகிறோம், இறங்குகிறோம், மறுபடி ஏறுகிறோம். நாள் முழுக்க ஏறிய பிறகும் காலையில் கிளம்பிய உயரத்திலேயே நிற்கிறோம். 'மொர்வானிலிருந்து நல்ல காற்றும் வராது, நல்ல மனிதரும் வரார்' என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பழமொழியே இருக்கிறது. மனிதர்களைப் பொறுத்தவரை அது வடிகட்டின பொய். காற்றைப் பற்றி நான் சாட்சி சொல்வதற்கில்லை. எந்தத் திசையில் திரும்பினாலும் அது என் மூக்குக்கு நேராகத்தான் வருகிறது.

நான் ஓட்டுவது கிராவல் சைக்கிள். பந்தய சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் பிறந்த பிள்ளை அது: அப்பாவைப் போல வளைந்த கைப்பிடி, அம்மாவைப் போல 40 மில்லிமீட்டர் தடித்த டயர், இருவருக்குமே இல்லாத விலை. தார்ச்சாலை முடிகிற இடத்தில் நாங்கள் தொடங்குவோம் என்பது கிராவல்காரர்களின் பெருமை. 2024 தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில்கூட துருவா நகரைச் சுற்றிய ஒன்பதாம் கட்டத்தில் 14 துண்டுகளாக 32 கிலோமீட்டர் வெள்ளைச் சரளைப் பாதையைச் சேர்த்திருந்தார்கள். வீரர்கள் புழுதி குடித்து வந்ததைப் பார்த்து ஊரே உருகியது. எனக்கு உருகவில்லை. அவர்களுக்குப் பின்னால் சாப்பாடு ஏற்றிய கார் வருகிறது.

மொர்வானில் சரளைக்குப் பஞ்சமில்லை. பகுதியின் ஏறக்குறைய பாதி காடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பழைய ஓக், பீச் மரங்களின் இடத்தில் வரிசை வரிசையாக டக்ளஸ் ஊசியிலை மரங்களை நட்டார்கள். அவற்றை வெட்டி ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட காட்டுச் சாலைகள்தான் இன்று எங்கள் சொர்க்கம். சில சமயம் அந்த லாரியே எதிரில் வரும்போது, சொர்க்கத்தின் அருகாமை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது தனிக்கலை. அரசு நில அளவை நிறுவனம் வெளியிடும் 1:25,000 வரைபடத்தில் ஒவ்வொரு வண்டிப்பாதையும் இருக்கும். மெல்லிய புள்ளிக்கோடு என்றால் வரைந்தவர் காலத்தில் அங்கே பாதை இருந்தது என்று பொருள். கைப்பேசிச் செயலிக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது. 'நேராகச் செல்லவும்' என்று அது சொன்ன இடத்தில் முள்கம்பி வேலி, அதற்கு அப்பால் முப்பது வெள்ளை ஷாரோலே பசுக்கள், அவற்றின் நடுவே கழுத்தே இல்லாத ஒரு காளை. பசுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தன. நேர்முகத் தேர்வில்கூட என்னை இத்தனை பேர் அப்படிப் பார்த்ததில்லை. செயலி சளைக்காமல் மீண்டும் சொன்னது: நேராகச் செல்லவும்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை வேட்டைக் காலம். காட்டு முகப்பில் 'வேட்டை நடக்கிறது' என்று பலகை வைத்திருப்பார்கள். வேட்டைக்காரர்கள் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமலிருக்கக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை அணிந்திருப்பார்கள். கிராவல்காரர்களோ நாகரிகம் கருதித் தலைமுதல் கால்வரை கறுப்பு. காட்டுப்பன்றியும் கறுப்பு. குனிந்து, மூச்சிரைக்க, புதர்களுக்கிடையே ஓடுவதிலும் எங்களுக்குள் பெரிய வித்தியாசமில்லை. அந்த மாதங்களில் நான் ஏற்றங்களில் சத்தமாகப் பாடிக்கொண்டு போவேன். பன்றி பாடாது என்பது வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இவையெல்லாம் சில்லறைச் சங்கடங்கள். உண்மையான செங்குத்து ஏற்றம் சோற்றுப் பிரச்சினை. பிரெஞ்சு சைக்கிள் பயணத்தின் குலகுரு, 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி (1853–1930). தூர் த பிரான்ஸ் 1937 வரை சீண்டாத, சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் டெரெய்லர் கியருக்காகப் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியவர். சைக்கிள்காரருக்கு அவர் விதித்த கட்டளைகளில் முக்கியமானது, பசிக்கும் முன் சாப்பிட வேண்டும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும் என்பது. தாகத்துக்கு வழி இருக்கிறது. எந்தக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்திலும் பூச்செடிகளுக்காக ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்காவிட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வணக்கம் போட்டுப் புட்டியை நிரப்பலாம். பசிக்குத்தான் வழியில்லை. பன்னிரண்டு மணிக்குக் கடை சாத்தினால் இரண்டு மணிக்கோ மூன்றுக்கோ திறப்பார்கள். பல மாவட்டங்களில் ரொட்டிக் கடை வாரத்தில் ஒரு நாள் மூடியே ஆக வேண்டும் என்று அரசாணையே உண்டு. அந்த ஒரு நாள் பெரும்பாலும் திங்கள். மீதி நாட்களில் திறக்க, ஊரில் முதலில் கடை என்று ஒன்று இருக்க வேண்டும்.

அப்படிக் கடை இல்லாத ஊரொன்றில், ஊராட்சி மன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டியைக் கண்டேன். காசு போட்டால் பகெத் என்ற நீள ரொட்டி விழும். பாரம்பரிய பகெத் எப்படி இருக்க வேண்டும், மாவில் என்ன கலக்கக் கூடாது என்று 1993-இல் சட்டம் போட்ட நாடு இது. பகெத் செய்யும் கைத்திறனுக்கு 2022-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கிய நாடு. காசு போட்டேன். பெட்டி கொஞ்சம் யோசித்தது, உறுமியது, பிறகு ரொட்டி தீர்ந்துவிட்டது என்று அறிவித்தது. தோட்டத்தில் லீக்ஸ் பிடுங்கிக்கொண்டிருந்த மூதாட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "காலை எட்டு மணிக்குள் வர வேண்டும், மெஸ்ஸியே" என்றார். "எல்லாமே தீர்ந்துவிடுமா, மதாம்?" என்றேன். "ரொட்டி மட்டும்தான். ஆட்கள் எப்போதோ தீர்ந்துவிட்டார்கள்."

அவர் சொன்னது சரித்திரம். இன்றைய பிப்ராக்ட் அகழாய்வுத் தளம் இருக்கும் பெவ்ரே மலைமேல் ஒரு காலத்தில் கோல் இனத்தாரின் பெருநகரம் இருந்தது. கி.மு. 52-இல் சீசரை எதிர்க்க, கோல் இனத்தார் வெர்சிஞ்ஜெதோரிக்ஸைத் தலைவராக ஏற்றது அங்கேதான். பிறகு ரோமானியர் கீழே ஒத்தேன் நகரைக் கட்டியதும், மேலே இருந்தவர்கள் மூட்டை கட்டி இறங்கிவிட்டார்கள். அன்று தொடங்கிய பழக்கம். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து மொர்வான் விறகை ஆற்றில் மிதக்கவிட்டுப் பாரிஸின் அடுப்புகளுக்கு அனுப்பினார்கள். இன்று படகு விடும் செத்தோன் ஏரியே அந்த விறகைத் தள்ளிவிடத் தண்ணீர் சேர்க்கக் கட்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் இளம் தாய்மார்களும் கிளம்பினார்கள், பாரிஸ் பணக்காரக் குழந்தைகளுக்குப் பாலூட்ட. அல்லிஞி-ஆன்-மொர்வானில் அவர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. மிச்சமிருந்த ஆண்களில் பலரின் பெயர்கள் 1914–18 நினைவுத்தூணில் இருக்கின்றன. தூணில் இருக்கும் பெயர்களைவிட ஊரில் தபால் பெட்டிகள் குறைவோ என்று சந்தேகம் வரும்.

ஆகவே, இரண்டு மணி நேரம் மிதித்தும் ஒரு கார்கூட எதிர்ப்படாத அந்த அற்புதமான பாதையும், ரொட்டி தீர்ந்த அந்தப் பெட்டியும் வெவ்வேறு செய்திகள் அல்ல. ஆளில்லாததால்தான் பாதை அமைதியாக இருக்கிறது. ஆளில்லாததால்தான் கடை சாத்தியிருக்கிறது. பாதையில் ஈ காக்கை இருக்கக் கூடாது, மூலைக்கு மூலை சூடான குரோசான் மட்டும் இருக்க வேண்டும் என்று கேட்பது கிராவல்காரர்களின் பேராசை.

நெடுஞ்சாலைக்குக் கறாராகச் சுங்கம் வாங்கும் பிரான்ஸ், இந்தச் சரளைப் பாதைகளுக்கு ஒரு சல்லிக்காசு கேட்பதில்லை. அதனால் சுங்கத்தை நானே கட்டிவிடுகிறேன். திறந்திருக்கும் ரொட்டிக் கடை கண்ணில் பட்டால் வயிற்றைக் கலந்தாலோசிப்பதில்லை. இறங்கி, ஒரு பகெத், இரண்டு குரோசான், கண்ணாடிக்குள் தனியாக மிஞ்சியிருக்கும் ஆப்பிள் பணியாரத்தையும் பரிதாபப்பட்டு வாங்கிக்கொள்கிறேன். பசிக்கும் முன் சாப்பிடு என்ற குருவின் கட்டளையை இத்தனை பக்தியாக நிறைவேற்றும் சீடன் வேறு யாரும் இருக்க முடியாது. எடை ஏறுகிறது என்கிறார் மருத்துவர். அது எடையல்ல, கட்டிய சுங்கத்துக்கு ரசீது.