இறக்கிவிடு படலம்: மகளிர் பருவமும் தகப்பன் வண்டி நிறுத்துமிடமும் – ஓர் ஆய்வு

பெண்ணைப் பருவம் பருவமாகப் பிரிப்பதில் நம் புலவர்களுக்கு அலாதிப் பிரியம். பெண்பால் பிள்ளைத்தமிழ் காப்பு, செங்கீரை என்று தொடங்கி அம்மானை, நீராடல், ஊசல் வரை பத்துப் பருவம் சொல்லும். உலா நூல்களில் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு. பேதைக்கு 5 முதல் 7 வயது, பெதும்பைக்கு 8 முதல் 11 என்று பரவலாகச் சொல்வார்கள். ஆனால் பாட்டியல் நூல்கள் இந்த வயதுக் கணக்கில் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. ஒத்துப்போயிருந்தால் எத்தனை பேராசிரியர்களின் பதவி உயர்வு நின்றுபோயிருக்கும்!

மரபுக் கணக்குப்படி பிள்ளைத்தமிழ்க் குழந்தைக்கு 21-ஆம் மாதத்தோடு பருவங்கள் தீர்ந்துவிடும். அதற்குள் அது ஊஞ்சல்வரை ஆடி முடித்துவிட வேண்டும். பேதைப் பருவமோ ஐந்து வயதில்தான் தொடங்குகிறது. இடைப்பட்ட காலம், அதாவது சுவரெல்லாம் கிறுக்கி, டிவி ரிமோட்டை அரிசி டப்பாவில் புதைக்கும் காலம், இலக்கணத்திலேயே இல்லை. இதனை அறிஞர்கள் 'ஆய்வு இடைவெளி' என்பர். தாய்மார்கள் வேறு பெயரால் வழங்குவர்.

அதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. இத்தனை பருவத்திலும் தகப்பன் எங்கே நின்றான் என்று ஒரு புலவரும் எழுதி வைக்கவில்லை. அதுவே இவ்வாய்வின் பொருள்.

கருதுகோள்: மகளின் வயது ஏற ஏற, பள்ளி வாசலுக்கும் தகப்பனின் வண்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் ஏறும். ஆய்வு எல்லை: மூன்று மகள்கள், ஒரு ஸ்கூட்டர். ஆய்வு முறை: வாயை மூடிக்கொண்டு ஓட்டுதல். ஆண்பிள்ளைகள் பற்றி, நிதி கிடைத்தால், தனி ஆய்வு.

பேதை (யூகேஜி): தூரம் சுழியத்துக்கும் கீழே. தகப்பன் வகுப்புக்குள்ளேயே போய்ப் பையை மாட்டி, பிஞ்சு விரலுக்குத் திறக்கும்படி தண்ணீர் பாட்டிலின் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஜன்னல் வழியாக டாட்டாவும் காட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

பெதும்பை (ஆறாம் வகுப்பு): வாசல் வரை. ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது.

மடந்தை (பிளஸ் ஒன்): சிக்கல் இங்கேதான். பள்ளிக்கு ஒரு தெரு முன்னால், ஜெராக்ஸ் கடைத் திருப்பத்தில், "இங்கயே நிறுத்துங்கப்பா" என்று ஆணை பிறக்கிறது. காரணம் குறித்து உரையாசிரியர்கள் வேறுபடுவர். சைலன்சர் சத்தமே காரணம் என்பது மனைவி கருத்து (அடுக்களை வாய்மொழி, மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்டது). வயசுப் பொண்ணுன்னா அப்படித்தான் என்பார் என் அம்மா (ஊஞ்சல் உரை, திருத்திய பதிப்பு, மருமகள் மாடியில் துணி காயப்போடும்போது வெளியானது). "அப்பா அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் குட்மார்னிங் சொல்றார்" என்பது பெதும்பையின் சாட்சியம் (பின்சீட்டு ஏடு, ஒரே பிரதி, பாதி காற்றில் போயிற்று, மீதி முதுகில் குத்தி உணர்த்தப்பட்டது). மூல நூல், அதாவது மடந்தையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், தகப்பன் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருந்தது. ஒரு சாக்லேட் விலைக்கு அதன் சாரம் கிடைக்கும் என்றாள் பெதும்பை. பேரம் முடிவதற்குள் 24 மணி நேரம் கடந்துவிட்டது. இனி உ.வே.சா.வே வந்து தேடினாலும் அந்தச் சுவடி கிடைக்காது.

மூலம் அழிந்தால் ஆய்வாளன் சோர்வதில்லை. அப்போதுதான் அவனுக்குக் கை கால் முளைக்கிறது. நச்சினார்க்கினியர் காட்டிய வழி இருக்கிறது. எங்கோ தொலைவில் கிடக்கும் தொடரை இழுத்து வந்து இங்கே மாட்டிப் பொருள் சொல்வார் அவர். வலிந்து கொண்ட பொருள் என்று பழி சுமத்தியவர்களும் உண்டு. திங்கட்கிழமை சொன்ன 'இங்கயே நிறுத்துங்கப்பா' என்பதையும், வெள்ளிக்கிழமை சொன்ன 'சாயங்காலம் வந்துடுவீங்கல்ல?' என்பதையும் கூட்டினால், 'சாயங்காலம் இங்கயே வந்துடுவீங்கல்ல' என்று வரும். தகப்பன் வேண்டாதவன் அல்லன், கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியவன் என்பது பெறப்படும். இடையில் கிடந்த செவ்வாய், புதன், வியாழனை வசதி கருதி விட்டுவிட்டேன். பெரிய பெரிய உரைகளிலும் அதுதான் நடந்திருக்கிறது.

புறனடை: மழை பெய்தால் வாசல் வரை வரலாம். கட்டணம் கட்டும் நாளில் அலுவலகத்துக்குள்ளேயே வரலாம். அன்று ஹெல்மெட் பற்றிக் கேள்வி இல்லை.

இக்கட்டுரையைப் பணம் கட்டினால் பதினைந்தே நாளில் அச்சேற்றித் தரும் 'பன்னாட்டு' ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பலாம் என்றார் நண்பர். அந்தப் பணத்துக்கு யூகேஜிக்கு ஒரு ஷூ வரும் என்பதால் அனுப்பவில்லை.

மறுப்புக் கட்டுரை எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். மறுப்பவருக்குக் குறைந்தது ஒரு மகளாவது இருக்க வேண்டும். காலை எட்டு மணி முதல் ஒன்பது வரை மட்டும் போன் செய்ய வேண்டாம்; களப்பணியில் இருப்பேன்.