வாழ்த்துகள் தம்பி, நீ இனி தொழிலாளி இல்லை

சென்னையின் பெரிய கடை ஒன்றில், தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் ஒரு பட்டாபிஷேகம் நடந்தது. இரண்டரை வருஷமாகப் பகுதிநேர சேல்ஸ்மேனாக நின்றுகொண்டிருந்த ஒரு பையன் ஃப்ளோர் சூப்பர்வைசர் ஆனான். மேனேஜர் பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்து முடிந்ததும் அந்தப் பொன்னாடையை மடித்து, விலைச்சீட்டு கசங்காமல், இரண்டாம் மாடி ரேக்கில் திரும்ப வைத்தது யார் என்கிறீர்கள்? புது சூப்பர்வைசர்தான். முதல் பணி.

அன்று காலை அவனுக்குக் கல்லூரியில் இன்டர்னல் டெஸ்ட். பி.காம். மூன்றாம் ஆண்டு, காஸ்ட் அக்கவுன்டிங். காலை ஷிப்டில் கல்லூரி, மதியம் இரண்டு மணியிலிருந்து கடை என்று இத்தனை நாள் ஓடிய வண்டி. இனிமேல் காலை ஒன்பதரைக்கே கடையில் இருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்லு தம்பி, முடிவு உன்னோடது" என்று மேனேஜர் முன்னதாகவே பெருந்தன்மையாக ஒரு நாள் அவகாசம் கொடுத்திருந்தார். தமிழில் பரீட்சைக்கும் தேர்வு என்றுதான் பெயர், இரண்டில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதற்கும் தேர்வு என்றுதான் பெயர். முதல் தேர்வை எழுதவிடாமல் அடித்துவிட்டு, இரண்டாம் தேர்வை உன் உரிமை என்று கையில் திணிக்க நம் மொழி இவ்வளவு தோதாக இருக்கும் என்று தொல்காப்பியர் நினைத்திருக்க மாட்டார்.

புதுச் சம்பளம் 21,200 ரூபாய். கேட்டதும் அவன் அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினார். அந்தக் கடைசி 200 ரூபாயில்தான் சூட்சுமம். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2017 முதல் சம்பள வரம்பு 21,000. தாண்டினால் நடப்பு அரையாண்டோடு சந்தா நின்றுவிடும். அந்த அட்டையில்தான் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை வந்துகொண்டிருந்தது. முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 21,000-க்கு மாதம் 680 ரூபாய்க்கு மேல். இருநூறு ரூபாயை அதிகமாகக் கொடுத்து அறுநூற்று எண்பதை மிச்சம் பிடித்திருக்கிறார் மனிதர். காஸ்ட் அக்கவுன்டிங் டெஸ்டில் பையன் ஆப்சென்ட். முதலாளி நூற்றுக்கு நூறு.

சூப்பர்வைசர் என்ற சொல்லிலும் ஒரு கண்ணி உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டப்படி, மேற்பார்வை வேலை பார்த்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவன் தொழிலாளி அல்ல. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்தக் கோடு 18,000. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் இவன் வெளியே. நேற்றுவரை காரணமின்றித் துரத்தினால் கேட்க அந்தச் சட்டம் இருந்தது. இன்று பொன்னாடை இருக்கிறது, அதுவும் ரேக்கில் இருக்கிறது. பதவியின் பெயரைப் பார்க்காதே, செய்யும் வேலையைப் பார் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன, உண்மைதான். அதை இன்னொரு முறை சொல்லவைக்க இவன் கோர்ட்டுக்குப் போக வேண்டும். லீவு யார் கொடுப்பது?

வேலைதான் என்ன? 2021-ல் தமிழ்நாட்டு அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்றது. கடையும் வைத்தது. அதில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் ஃப்ளோர் சூப்பர்வைசரின் வேலை. நேற்றுவரை தன்னோடு கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற பெண்களை இன்று அவன் முறைக்க வேண்டும். நாமும் லேசுப்பட்டவர்கள் அல்ல. 2010-ல் 'அங்காடித் தெரு' பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள்தான், அந்த வருஷம் ஆடித் தள்ளுபடிக்கு முதல் ஆளாகப் போய் நின்றோம்.

சரி, அறிவுக் கோயில் என்ன செய்தது? 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும் என்றது. இவனுக்கு 61. "கண்டோனேஷனுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார் துறைத் தலைவர். கால் வீங்கியிருக்கிறது, ஆனால் அதற்குப் பெயர் நோய் இல்லை, வேலை. கபடி ஆடப் போனவனுக்கு 'ஆன் டூட்டி' என்று வருகைப்பதிவு உண்டு. வீட்டுக்கு அரிசி வாங்கப் போனவனுக்கு இல்லை. பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கிரெடிட்டும் உண்டு. எங்காவது சில வாரம் போனதாக ஒரு லெட்டர்பேடில் கையெழுத்து வாங்கி வந்தால் போதும். இரண்டரை வருஷம் பில் போட்டு, ஸ்டாக் எடுத்து, கணக்கு ஒப்படைத்தவனுக்கு அரை கிரெடிட் கிடையாது. வணிகவியல் துறை, வணிகத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது.

அவன் ஆலோசனை கேட்டது தனக்குப் பாடம் எடுக்கும் கௌரவ விரிவுரையாளரிடம். முனைவர் பட்டம் வாங்கியவர். இவர்களுக்கு மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று 2019-லேயே யுஜிசி சொன்னது. இங்கே கௌரவம் 15 ஆயிரம், 20 ஆயிரம், 25 ஆயிரம் என்று தவணையில் ஏறியது, அதுவும் வருஷத்துக்குப் பதினோரு மாதம்.

"எவ்வளவுப்பா தர்றாங்க?"

"இருபத்தோராயிரத்து இருநூறு சார். பன்னெண்டு மாசமும்."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "அங்க வேற எடம் எதுவும் காலியா இருக்கா?" என்றார்.

உறவினர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாமா, "வர்ற லட்சுமிய எட்டி உதைக்காத, கரஸ்ல முடிச்சுக்கலாம்" என்றார். சித்தப்பா, "டிகிரி இல்லாதவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றார். இருவர் பிள்ளைகளும் ஹாஸ்டலில் தங்கி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கிப் படிக்கிறவர்கள்.

டெல்லியின் பெருமையைப் பாடாமல் விடக்கூடாது. பாதியில் நிற்பதை நாம் இடைநிற்றல் என்று அசிங்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை அதற்கு அழகான பெயர் சூட்டியது: பல்முனை வெளியேற்றம். ஒரு வருஷத்தில் ஓடினால் சான்றிதழ், இரண்டில் ஓடினால் டிப்ளமோ. தீப்பிடித்த கட்டடத்தில் தண்ணீரைத் தேடாமல் கதவுகளுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

சென்னை அந்தக் கொள்கையை எதிர்க்கிறது, சரி. எதிர்த்துவிட்டு எதைக் காட்டுகிறது? உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி இந்தியாவுக்கு 28.4, தமிழ்நாட்டுக்கு 47. பெருமைப்பட வேண்டியதுதான், நானும் படுகிறேன். ஆனால் அந்த எண் உள்ளே போனவர்களை எண்ணுவது. பின்வாசல் வழியாகக் கடைக்குப் போனவனை யார் எண்ணினார்கள்? 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் இவனுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நல்ல திட்டம், கேலி செய்ய மாட்டேன். அவன் வீட்டு வாடகை 7,500. முக்கி முனகிப் பட்டம் வாங்கினால் மட்டும்? பத்தாம் வகுப்பே போதும் என்று சொல்லி 2024-ல் நடந்த குரூப் 4 தேர்வில் 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அந்த வரிசையில் பட்டதாரிகளைத் தேட பூதக்கண்ணாடி வேண்டியதில்லை.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? அவன் படிப்பு முடிய இன்னும் ஆறு மாதம்தான். ஆறே மாதம். மதியம் வா, பதவியை வைத்துக்கொள் என்று முதலாளி சொன்னால் எந்தக் கப்பல் மூழ்கும்? சாயங்காலம் இரண்டு வகுப்பு வைக்கிறோம் என்று கல்லூரி சொன்னால் எந்தக் கூரை இடியும்? கடைக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு பஸ் ஸ்டாப்தான் தூரம். இரண்டு அதிகாரிகள் ஒரு டீக்கடையில் நின்று பேசினால் முடிகிற காரியம். அவர்கள் பேச மாட்டார்கள். பத்தொன்பது வயதுப் பையனின் முதுகில் இரண்டு பேரும் சேர்ந்து ஏறி உட்கார்ந்துகொண்டு, "எந்தப் பக்கம் சாயறதுன்னு நீயே முடிவு பண்ணு கண்ணு" என்பார்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

அவன் சேர்ந்துவிட்டான். டி.சி. வாங்கக்கூடப் போகவில்லை, நேரமில்லை.

கடையில் இப்போது அசிஸ்டன்ட் மேனேஜர் இடம் ஒன்று காலி. அறிவிப்பு தயாராகிவிட்டது: 'தகுதி: ஏதேனும் ஒரு பட்டம். டிகிரி முடிக்காதவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.' வாசல் கண்ணாடியில் அறிவிப்பு ஒட்டுவது ஃப்ளோர் சூப்பர்வைசரின் பொறுப்பு. நான்கு மூலையிலும் செல்லோடேப் போட்டு, இரண்டடி பின்னால் போய் நேராக இருக்கிறதா என்று பார்த்தான். இடப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தது. எடுத்துச் சரியாக ஒட்டினான்.