செருப்புக் கோட்பாடு: அன்றாடத்தைப் படமெடுப்போர் குறித்த ஒரு முன்னோடி ஆய்வு

முன்னுரை

எந்த ஆய்வேடும் மனிதன் தோன்றிய காலத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது மரபு. அம்மரபுக்கு ஊறு நேராவண்ணம் தொடங்குகிறோம்: மனிதன் தோன்றிய காலந்தொட்டே வாசலில் எதையாவது கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைந்து வந்திருக்கிறான்.

எங்கள் தெருவில் கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். களப்பணி வழக்கப்படி இனி அவரைத் தகவலாளி என்போம். தாலி கட்டும் நேரத்தில் சரியாகப் பொத்தானை அமுக்குவதற்கு அவருக்குப் பணம் தருகிறார்கள். அதில் புதிர் எதுவும் இல்லை. ஆனால் அதே ஆள் மற்ற நாட்களில் இஸ்திரி வண்டியையும், மொட்டை மாடியில் காயும் வடாத்தையும், குழாயடியில் வரிசைக்கு வைத்த குடங்களையும் யாரும் கேட்காமல் எடுத்து, யாரும் கேட்காமல் எல்லோருக்கும் அனுப்புகிறார். ஏன் எடுக்கிறார், ஏன் அனுப்புகிறார் என்பனவே ஆய்வுச் சிக்கல்கள். அவரிடமே கேட்டுவிடலாமே எனச் சிலர் கூறலாம். அதற்குப் பெயர் விசாரிப்பு, ஆய்வு ஆகாது.

ஆய்வு எல்லை

மதுரையில் எங்கள் தெரு. கிழக்கே பால் பூத், மேற்கே இஸ்திரி வண்டி. வண்டி நகர்ந்தால் எல்லையும் நகரும்.

கருதுகோள்

நெறியாளர் சொன்னதே.

இயல் ஒன்று: எடுத்தற்குரிய காரணங்கள்

முதற் காரணம் நினைவு. இதுபற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்.

இரண்டாவது காரணம் ஆடி மாதம். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, வருமானமும் கிடையாது. கையில் கேமரா மட்டும் இருக்கும். இது வெறும் உண்மை என்பதால் ஆய்வுக்கு உதவாது.

மூன்றாவது, அழகு. "நல்லாருந்துச்சு, எடுத்தேன் சார்" என்று தகவலாளி ஒருமுறை வாய்தவறிச் சொன்னதாக மாடிவீட்டு உரைகாரர் குறிக்கிறார் (மாடிவீட்டு உரை, படிக்கட்டில் நின்று சொன்னது). எதிர்வீட்டு உரைகாரரோ அவ்வரியை இடைச்செருகல் என்பார். மேற்கோள் காட்ட ஒரு நூலும் இல்லாத வாக்கியம் ஆதலின் இவ்வாய்வாளரும் எதிர்வீட்டுக் கட்சியே.

நான்காவது செருப்பு.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். தகவலாளியின் படங்களை வரிசையாகப் பார்த்தால் மாடு வருகிறது, போகிறது; மழை வருகிறது, போகிறது; வாசலில் கழற்றிவிட்ட செருப்பு மட்டும் போவதே இல்லை. இது தற்செயல் அன்று. அன்றாடத்தைப் படமெடுக்கும் கலையே செருப்பில் பிறந்தது, செருப்பால் வளர்ந்தது, செருப்புக்காகவே நடைபெறுகிறது என்பதை இனி நிறுவுவோம்.

முதற் சான்று பாரிசில் உள்ளது. 1838இல் லூயி டகேர் தம் ஜன்னலிலிருந்து டெம்பிள் சாலையைப் படமெடுத்தார். தகட்டில் உருவம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால் ஓடிய வண்டியும் நடந்த கூட்டமும் பதியாமல் மறைந்துபோயின. ஒரே ஒருவர் மட்டும், பாலிஷ் போடுபவரிடம் காலை நீட்டியபடி, நின்ற இடத்தில் நின்றார், பதிந்தார். புகைப்படத்தில் அகப்பட்ட முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்தத் தகட்டைப் பார்த்த அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸ், தந்திக்கு மோர்ஸ் குறியீடு தந்த அதே மோர்ஸ், தம் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்திருக்கிறார்: அந்த ஆளின் பூட்ஸும் காலும் தெளிவாக இருக்கின்றன, அசைந்துகொண்டிருந்த உடம்பும் தலையும் பதியவில்லை. அதாவது, புகைப்படக் கலை மனிதனைக் கண்டுகொண்ட முதல் நாளே அவனைக் காலணியாகத்தான் கண்டுகொண்டது. தலை பின்னால் வந்து சேர்ந்த சேர்க்கை.

இதை மறுப்போர் நியெப்ஸைக் கொண்டுவருவர். 1826-27 வாக்கிலேயே அவர் தம் ஜன்னல்வழிக் கூரைகளைப் படமாக்கினாரே, அதில் செருப்பு எங்கே என்பர். கூரைமேல் யாரும் செருப்போடு ஏறுவதில்லை என்பது விடை.

இரண்டாவது மறுப்பு சற்று வலியது. இங்கிலாந்தின் டால்பட் 1844இல் 'திறந்த கதவு' என்ற படத்தை எடுத்தார். ஒரு வாசல், அதில் சாய்த்து வைத்த ஒரு துடைப்பம். அன்றாடத்தைப் படமெடுக்க அவருக்கே கொஞ்சம் கூச்சம் போலும். டச்சு ஓவியர்கள் இத்தகைய சாதாரணக் காட்சிகளை வரைந்திருக்கிறார்களே என்று அவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். துடைப்பத்தைப் படமெடுக்கவும் முன்னோர் சான்று தேடிய அந்த அடக்கத்தை நம் துறையினர் கவனிக்க. சரி, அந்த வாசலில் ஏன் செருப்பு இல்லை? ஆங்கிலேயர் செருப்போடு வீட்டுக்குள் போகிறவர்கள் என்க. இன்மையும் ஒரு சான்றே (எதிர்வீட்டு உரை, மாலைப் பதிப்பு).

பின்னர் 1936. அலபாமாவில் வாக்கர் எவன்ஸ் ஒரு குத்தகை விவசாயியின் முகத்தை எடுத்தார், குடும்பத்தை எடுத்தார், வீட்டை எடுத்தார். மனம் ஆறாமல், வெறும் மண்ணில் கிடந்த அவருடைய பூட்ஸ் ஜோடியையும் தனியே எடுத்தார். 2010 ஜூலையில், இன்ஸ்டகிராம் வெளிவருவதற்குச் சில மாதம் முன்பு, அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான கெவின் சிஸ்ட்ராம் மெக்சிகோவில் சோதனையாக ஏற்றிய முதல் படத்தில் ஒரு நாய் இருக்கிறது. உலகம் அந்த நாயைத்தான் பார்த்தது. ஓரத்தில் இருக்கும் ரப்பர் செருப்பிட்ட பாதத்தைப் பார்த்தவர் சிலரே. பாரிஸ் தகட்டில் தொடங்கிய மரபு 172 ஆண்டுகள் அறாமல் வந்திருப்பது கண்கூடு (மளிகைக் கணக்கு நோட்டு, பின்னட்டை உட்புறம், பென்சில் குறிப்பு, எண்ணெய்க் கறைக்குத் தெற்கே).

இதற்கும் முற்பட்ட சான்று தமிழகத்திலேயே உண்டு. அரங்கநாதர் பாதுகைகள் மேல் வேதாந்த தேசிகர் 1,008 சுலோகம் பாடியிருக்கிறார். ஒரே பொருளை அத்தனை கோணத்தில் பார்த்த கண் எந்தக் கேமராக்காரனுக்கு வாய்க்கும்? இதுபற்றி இங்கே எழுதியிருந்த நீண்ட பத்தி, பாதுகை வேறு, நீ சொல்லும் சமாச்சாரம் வேறு என்று எதிர்வீட்டு உரைகாரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது.

வகைமை

தகவலாளியின் தொகுப்பில் ஹவாய்ச் செருப்பு பெரும்பான்மை. வார் அறுந்து அடியில் ஊக்குக் குத்தியது ஒரு தனி இனம். பொருளாதார வரலாற்றாசிரியர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டது வியப்பு. கோயில் வாசற் செருப்பு அச்சத்தைக் குறிக்கும்; தரிசனத்தில் பாதி மனம் அங்கேதான் இருக்கும். குவியலாகக் கிடந்தால் வீட்டில் விசேஷம் அல்லது துக்கம், இரண்டில் எது என்பதைச் செருப்பின் முனை பார்த்த திசை கொண்டு அறியலாம் என்பது பழைய உரை (மேற்படி நோட்டு, இரண்டாம் படி, முதற் படியைக் கரையான் கொண்டது, இரண்டாம் படியைப் பழைய பேப்பர்காரர் கொண்டது, இங்கே தருவது அவரது நினைவிலிருந்து, எடைபோட்டுக் கொண்டிருந்தபோது கேட்டது).

இவற்றுள் தலையாயது கவிழ்ந்து கிடக்கும் செருப்பு. செருப்புக் கவிழ்ந்தால் வீட்டில் சண்டை வரும் என்பது தெருவறிந்த செய்தி. புகைப்படக்காரருக்கோ கவிழ்ந்த செருப்பு ஒரு வரம்; ஒழுங்கான வரிசையில் அது ஒன்றுதான் கதை சொல்கிறது. காட்சியில் கை வைக்கக் கூடாது, உள்ளது உள்ளபடி எடுக்க வேண்டும் என்பது ஆவணப் படக்காரரின் நெறி. ஆகவே தகவலாளி அதைத் தொடாமல், முழங்காலிட்டு, ஒளிக்காகக் காத்திருப்பார். அந்நேரம் அவ்வீட்டு அம்மா குப்பை கொட்ட வெளியே வருவார், போகிற போக்கில் கால் கட்டைவிரலால் செருப்பைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1952இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலத் தலைப்பால் உலகெங்கும் பரவிய தீர்மான கணம் என்னும் கருத்தாக்கம் இதுவே. அந்த அம்மா அதைப் படித்ததில்லை. ஒருமுறைகூடத் தவறவிட்டதும் இல்லை.

செருப்பு ஆய்வில் மேலைநாட்டார் பங்களிப்பு

வான்கோ 1886இல் ஒரு பழைய பூட்ஸ் ஜோடியை வரைந்தார். ஜெர்மன் தத்துவஞானி ஹைடெக்கர் அதைப் பார்த்துவிட்டு, இது ஒரு குடியானவப் பெண்ணுடையது என்று முடிவு கட்டி, அவள் வயலில் நடந்த நடை, மண்ணின் ஈரம், மாலை நேரத்துத் தனிமை அனைத்தையும் அதிலிருந்தே வரவழைத்தார். 1968இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷப்பிரோ, அதெல்லாம் இல்லை, அது நகரவாசியான வான்கோவின் சொந்தப் பூட்ஸ் என்று வழக்குத் தொடுத்தார். 1978இல் பிரெஞ்சுத் தத்துவஞானி தெரிதா குறுக்கிட்டு, நீங்கள் இருவரும் உரிமையாளரைத் தேடுகிறீர்களே, அது ஜோடிதான் என்று உங்களுக்கு யார் சொன்னது, இரண்டும் இடது காலாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நூறு பக்கத்துக்கு மேல் கேட்டார்.

இந்த விவாதத்தில் எள்ளளவும் மிகை சேர்க்கவில்லை. சேர்க்க இடமும் இல்லை. போலி ஆய்வு எழுத உட்காருபவனுக்கு உண்மையான ஆய்வு இப்படிப் போட்டியாக வந்து நிற்பது தொழில் நியாயமா என்பதை அறிஞருலகம் சிந்திக்க வேண்டும்.

நம்மவர் இதற்குச் சளைத்தவர் அல்லர். கோலாலம்பூரிலிருந்து ஒரு காணொலி வாழ்த்து வந்துவிட்டால் கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கமாகிவிடும். கட்டுரைக் கட்டணத்தில் மதியச் சாப்பாடும் சான்றிதழும் அடக்கம். மாலையில் ஐஎஸ்பிஎன் எண்ணோடு ஒரு மலர் தருவார்கள். தனியாளாகத் தூக்க முடியாது. இக்கட்டுரையின் முந்தைய வடிவம் அத்தகைய ஒரு மலரில் இடம்பெற்றது. நெறியாளர் பெயர் முதலில், துறைத்தலைவர் பெயர் அடுத்து, இவ்வாய்வாளர் பெயர் இடப்பற்றாக்குறையால் முதலெழுத்து மட்டும்.

இயல் இரண்டு: பகிர்தல்

எடுத்ததை ஏன் பிறருக்குக் காட்ட வேண்டும்? காட்டாமலும் வாழலாம் என்பதற்குச் சான்று உண்டு. சிகாகோவில் பிள்ளை வளர்க்கும் வேலை பார்த்த விவியன் மையர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தெருப் படங்களை எடுத்து, கிட்டத்தட்ட யாருக்கும் காட்டாமல் பெட்டிகளில் போட்டு வைத்தார். வாடகை பாக்கிக்காக 2007இல் அப்பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. உலகம் அவரைக் கொண்டாடத் தொடங்கும் முன் 2009இல் அவர் இறந்துபோனார். நியூயார்க்கின் கேரி வினோகிராண்ட் 1984இல் இறந்தபோது, எடுத்தும் கழுவாத சுருள்கள் ஏறத்தாழ 2,500 இருந்தன. இது காட்டாமை அன்று. தாம் எடுத்ததைத் தாமே பார்க்கவும் நேரம் இன்மை.

மூன்றாவது வகை, காட்டுவதாகச் சொல்லிக் காட்டாமை. பிரெஞ்சு எழுத்தாளர் ரொலான் பார்த் 1980இல் வெளியான நூலில், மறைந்த தாயார் ஐந்து வயதுச் சிறுமியாக நிற்கும் ஒரு படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. தமக்கு அது அம்மா, பார்ப்பவருக்கு இன்னொரு பழைய படம் என்பது அவர் கட்சி. அவர் செய்தது சரி. இதற்கு உரை தேவையில்லை.

தகவலாளி இம்மூன்றிலும் சேராதவர், காட்டியே தீர்பவர். பாராட்டுக்காகக் காட்டுகிறார் என்பர் மாடிவீட்டார். அண்மையில் வாசற்படியில் நான்கு ஜோடிச் செருப்பும் சாய்ந்த வெயிலும் உள்ள படமொன்றைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம் வந்தது, மாலை நேரத்தில். சித்தப்பா 'சூப்பர்' என்றார். அவர் இரங்கல் செய்திக்கும் அதையே போடுபவர் என்பதால் கணக்கில் கொள்ளவில்லை. பிறகு தேனியிலிருந்து பெரியம்மாவின் குரல் பதிவு வந்தது. பாடபேதம் இன்றி அப்படியே தருகிறோம்:

"ஏப்பா, வீட்டுக்கு யாரு வந்திருக்கா? அந்த நீல வாரு நம்ம சின்னவனுது. பக்கத்துல கெடக்குறது அவன் பொண்டாட்டியுது, போன பொங்கலுக்கு நாந்தேன் எடுத்துக் குடுத்தேன். ஊக்குப் போட்டது உங்கம்மாது, புதுசு வாங்கச் சொன்னாக் கேக்க மாட்டா. அந்த நாலாவது ஆருது? குதிகா தேஞ்சு கெடக்கு, வாத்தியார் செருப்பு மாதிரி."

ஹைடெக்கரும் ஷப்பிரோவும் ஒரு ஜோடிக்கே தீர்ப்புச் சொல்ல முடியாமல் போன இடத்தில், மூன்று ஜோடிக்கு உரிமையாளரும், ஒன்றுக்கு வாங்கிய வரலாறும், ஒன்றுக்குக் குணச்சித்திரமும் ஒரே குரல் பதிவில் கிடைத்துள்ளன. ஜோடிதானா என்ற தெரிதாவின் ஐயம் அவருக்கு எழவே இல்லை. ஆயினும் பெரியம்மாவின் கருத்து ஐஎஸ்பிஎன் எண் பெற்ற எந்த மலரிலும் வெளிவராததால், மேற்கோளாக ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.

மேலாய்வுக்கான களங்கள்

நான்காவது ஜோடி. நெறியாளரின் வற்புறுத்தலால் அன்று மாலை இவ்வாய்வாளர் தகவலாளியின் வீட்டுக்குள் அமர்ந்து, எதற்காக அன்றாடக் காட்சிகளைப் படமெடுக்கிறீர்கள் என்ற வினாநிரலை வாசித்துக்கொண்டிருந்தார். அதன் பாதியில், "ஒரு நிமிஷம் சார், வெளிச்சம் போயிரும்" என்று தகவலாளி எழுந்து கேமராவோடு வாசலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்ட வினாவிலிருந்து தொடர்ந்தோம். பதில்களில் குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை.