உறுமலுக்கு நேரம் குறித்தல்

அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் கார் வாங்கியவர்களில் ஒரு சாரார் செய்யும் முதல் காரியம், கம்பெனி பொருத்திய சைலன்சரை அறுத்துப் போட்டுவிட்டு வெறும் குழாயைப் பற்றவைப்பது. வி8 என்ஜின் கர்ஜிக்க வேண்டுமாம். கர்ஜிக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால், என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றையொட்டி ஓடும்போது காருக்குள்ளே ‘கும்ம்ம்’ என்று ஒன்று கிளம்பும் பாருங்கள், மியூசிக் சிஸ்டம் ஊமைப்படம்தான். அதை அடக்க ரெசனேட்டர் என்று இன்னொரு டப்பா. காசு கொடுத்துக் கழற்றியதில் பாதியைக் காசு கொடுத்தே மாட்டிக்கொள்வார்கள்.

ஃபோர்டு சும்மா இருக்குமா? 2018 மஸ்டாங் ஜிடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வால்வு வைத்த எக்ஸாஸ்ட். விடிகாலையில் அடக்கமாக ஸ்டார்ட் ஆக, நேரம் குறித்துவைக்கும் வசதி. பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்துக்கும் அட்டவணை!

டாட்ஜ் கம்பெனி 2022இல் காட்டிய மின்சாரக் காருக்குப் புகையே கிடையாது. ஆனாலும் 126 டெசிபலில் உறும, அதற்கென்றே ஓர் எக்ஸாஸ்ட் வைத்தார்கள்.